திருப்பி அனுப்பிய ரத்தம்

அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர் வைத்தது பெட்டிக்காரர்தான். வார்டு வார்டாகப் போய், ரத்தம் நிரப்பிய குழாய்களை ஒரு நீலப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, படியிறங்கி லேபில் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. லேபின் முகப்பில் ஒரு சின்ன ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் அவள். குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டிக்கரைப் படிப்பாள். மூடியின் நிறம் சரிதானா, ரத்தம் கோடு வரைக்கும் இருக்கிறதா, உறைந்து கட்டியாகிவிட்டதா என்று பார்ப்பாள். சரியில்லாததைப் பக்கத்தில் இருக்கும் தகரத் தட்டில் வைப்பாள். அந்தத் தட்டில் விழுந்த குழாய்க்கு மேல்முறையீடு கிடையாது. வார்டுக்காரர்கள் மறுபடி ஊசி போட்டு மறுபடி எடுத்து அனுப்ப வேண்டியதுதான்.

"கோர்ட் கூடிடுச்சு, எல்லாரும் எழுந்து நில்லுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டேதான் பெட்டியை ஜன்னலில் இறக்குவார்.

"உங்க வாயை முதல்ல உள்ள தள்ளணும்ணே. இதப் பாருங்க. இது ரத்தமா, கண்ணுக்கு விடற சொட்டு மருந்தா?"

"என்னைக் கேட்டா எப்படி தங்கச்சி? ஏத்திவிட்டதை இறக்கி விடறேன். பயணி ஒழுங்கா இல்லன்னா கண்டக்டரைப் பிடிச்சுத் திட்டுவீங்களா?"

"ஆட்டாம கொண்டுவாங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். அது கண்டக்டர் கையிலதான இருக்கு?"

"மூணு மாடி இறங்கி வரேன். நானே ஆடிக்கிட்டுதான் வரேன். இதுல டியூப்பு ஆடாம எப்படி வரும்?"

அவர் ஆடிக்கொண்டு வந்தது உண்மைதான். இரண்டு முட்டியும் தேய்ந்துபோய்விட்டன. லிஃப்ட் வாசலில் 'நோயாளிகளுக்கு மட்டும்' என்று பலகை தொங்கியது. பெட்டிக்காரரைப் போன்றவர்கள் ஏறினால் காவலாளி கையைப் பிடித்து இறக்கிவிடுவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு வலி மாத்திரை அட்டை இருக்கும். ஜன்னலில் பெட்டியை வைத்துவிட்டு, "கொஞ்சம் தண்ணி குடுங்க தங்கச்சி" என்று கேட்டு, அவள் கொடுக்கும் தண்ணீரில் ஒன்றை விழுங்குவார். உட்கார்ந்து சாப்பிட நேரம் இருக்காது. ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே அடுத்த மாடிக்குப் போவார். அவள் தண்ணீர் கொடுத்தாள், வருஷக்கணக்காகக் கொடுத்தாள். அந்த மாத்திரை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. "இதைத் தின்னாதீங்கண்ணே, கிட்னி போயிடும்" என்று இரண்டொரு முறை சொன்னதும் உண்டு. "கிட்னி போனா வீட்ல உக்காரலாம். முட்டி போனா வேலை போயிடுமே" என்று சொல்லிவிட்டு அவர் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்.

அவள் கோபக்காரி என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. பேச்சு பொய் இல்லை. ஆனால் அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரத்தம் உடைவது என்றால் என்ன என்று படித்தது அவளுக்குப் போதவில்லை. தன் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, குழாயை வேண்டுமென்றே கலகலவென்று ஆட்டி, மெஷினில் வைத்துப் பார்த்தாள். ரத்தத்தில் இருக்கும் சிவப்பு அணுக்களுக்குள்ளே பொட்டாசியம் நிறைய அடைத்துக் கிடக்கும். வெளியே இருக்கும் நீரில் அது ஐந்துக்கு மேல் போகக் கூடாது. போனால் இதயம் தாறுமாறாக அடிக்கும், நின்றும் விடும். அணுக்கள் உடைந்தால் உள்ளே இருந்தது எல்லாம் வெளியே கொட்டும். அன்றைக்கு மெஷின் காட்டிய எண்ணின்படி அவள் செத்துப்போயிருக்க வேண்டும். அவளோ ஒரு கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, பசியோடு, நன்றாக நின்றுகொண்டிருந்தாள். பொய் எண் எவ்வளவு நிஜமாக இருக்கும் என்பதை அப்போது கண்ணால் பார்த்துக்கொண்டாள். அதை நம்பி ஒரு டாக்டர் மருந்து ஏற்றினால் நல்ல மனுஷன் போய்ச் சேருவான். தப்பான எண்ணைக் கொடுப்பதற்குப் பதில் எண்ணே கொடுக்காமல் இருக்கலாம் என்பது அன்று பிடித்த பிடி. அதை அவள் விடவில்லை.

ரத்தம் உடைவது பெரும்பாலும் எடுக்கும் கையில்தான் இருக்கிறது. ரப்பர் பட்டையை நேரம் போவது தெரியாமல் கட்டி வைத்தால் உடையும். மெல்லிய ஊசியில் வெடுக்கென்று இழுத்தால் உடையும். சிரிஞ்சிலிருந்து குழாய்க்குள் பீய்ச்சினால் உடையும். முன்பெல்லாம் லேபை ஒட்டிய அறையில் ரத்தம் எடுப்பதற்கென்றே இரண்டு பேர் இருந்தார்கள். நரம்பைத் தேடவே மாட்டார்கள், விரலை வைத்தால் கிடைத்துவிடும். பிறகு அந்த இரண்டு வேலையும் தேவையில்லை என்று மேலே முடிவானது. நர்ஸ்களே எடுக்கட்டும் என்றார்கள். அந்த நர்ஸ்களில் ஒருத்தி ஒரு வார்டு முழுவதையும் பார்த்துக்கொண்டு, மருந்து கொடுத்து, படுக்கை மாற்றி, சொந்தக்காரர்களின் வசவையும் வாங்கிக்கொண்டு, நடுவில் ரத்தமும் எடுக்க வேண்டும். ரத்தம் எடுக்கிற, கை வைத்த நாற்காலி மட்டும் அந்த அறையில் மிஞ்சியது. அதன்மேல் யாரோ காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கினார்கள். அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

இதெல்லாம் சொல்லாமல் அந்த நாளுக்கு வர முடியாது.

அன்று காலையில் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய காகிதம். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கட்டம். லேபின் கட்டம் மட்டும் சிவப்பு.

"போன மாசம் நீங்க திருப்பி அனுப்பினது எவ்வளவு தெரியுமாம்மா? ஆஸ்பத்திரியிலேயே இதுதான் மோசம். ஒரு பேஷண்டை ரெண்டு தடவை குத்தினா அவர் போய் நாலு பேர்கிட்ட சொல்றார். இந்தச் சிவப்பு பச்சையாகணும்."

"ரத்தம் பச்சையாகாது சார்."

"ஜோக் வேண்டாம்."

"ஜோக் இல்ல சார். ஒழுங்கா எடுத்து அனுப்பச் சொல்லுங்க, நான் ஏன் திருப்பறேன்? எடுக்கத் தெரிஞ்ச ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினது யாரு?"

"அது எனக்கு முன்னாடி இருந்தவங்க எடுத்த முடிவு. நீங்க உங்க பக்கத்தைச் சரி பண்ணுங்க. லேப் ஒத்துழைக்க மாட்டேங்குதுன்னு மூணாவது மாடியில இருந்து புகார் வந்திருக்கு."

மூன்றாவது மாடி. உடைந்த ரத்தத்தில் பாதி அங்கிருந்துதான் வரும். கெடுப்பதையும் கெடுத்துவிட்டுப் புகாரும் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. படியிறங்கி வந்தாள். மேனேஜரிடம் சொல்லாமல் விட்ட பதில்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இப்போது வாய்க்கு வந்தன. ஜன்னலில் நீலப் பெட்டி காத்திருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் தோட்டக்காரர் நின்றார். பூவாளியைப் பிடிப்பதுபோல அதன் கைப்பிடியைப் பிடித்திருந்தார்.

"பெட்டிக்காரர் எங்க?"

"ரெண்டு நாளா ஆளைக் காணோம்னாங்கம்மா. என்னைத் தூக்கச் சொல்லிட்டாங்க. அங்க செடியெல்லாம் காயுது."

"ஒரு வார்த்தை சொல்லிட்டு லீவு போடறதுக்கு என்ன கேடு?" என்று அங்கே இல்லாத மனிதரையும் ஒரு வாங்கு வாங்கினாள்.

முதல் குழாயே மூன்றாவது மாடி. ஸ்டிக்கரில் நீளமாக ஓர் ஆண் பெயர், அவசரம் என்று ஒரு முத்திரை. சுழற்றும் மெஷினில் போட்டு எடுத்தாள். சிவப்பு அணுக்கள் அடியில் தங்கிவிட்டால் மேலே நிற்கும் நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். இது லேசான சிவப்பாக இருந்தது, புதுச் சிவப்புத் துணியைக் கடைசியாக அலசிய தண்ணீர் மாதிரி. பார்த்தீர்களா என்று யாரிடமோ சொல்வதுபோலத் தலையை ஆட்டினாள். ஆனாலும் சோதனை மெஷினில் வைத்தாள். பொட்டாசியம் ஏழைத் தாண்டி வந்தது.

பொட்டாசியம் உடனே வந்துவிடும். சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் மற்ற எண் வர இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். வழக்கமாக அவள் அதற்கும் காத்திருந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். அன்றைக்குக் காத்திருக்கவில்லை. சோதனையை நிறுத்தி, குழாயை உருவி, தகரத் தட்டில் டொக்கென்று வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"லேப்ல இருந்து. நீங்க அனுப்பின அவசரம் செல்லாது. ரத்தம் உடைஞ்சிருக்கு. வேற எடுங்க."

"அக்கா, அவருக்குக் கையெல்லாம் வீங்கிக் கிடக்கு. நரம்பு கிடைக்கறதே…" என்றாள் மறுமுனையில் வார்டு நர்ஸ்.

"எப்பவும் இதே கதைதான். நரம்பு ஓடிடுச்சு, நரம்பு ஒளிஞ்சிடுச்சு. அது என்ன உங்ககூட கண்ணாமூச்சி ஆடுதா?"

"நம்பர் என்ன வந்துச்சுன்னு மட்டுமாவது சொல்லுங்கக்கா. டாக்டர் அதுக்குத்தான் காத்திட்டிருக்கார்."

"பொய் நம்பர் சொல்றதுக்கு நான் என்ன ஜோசியக்காரியா? வேற எடுங்க. அப்புறம் இதுக்கும் ஒரு புகார் எழுதிக்குங்க."

போனை வைத்தபோது நெஞ்சுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. உண்மையைச் சொல்வதென்றால், அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

இரண்டாவது குழாய் நன்றாகத் தாமதித்து வந்தது. அதுவும் லேசான சிவப்பு. இந்த முறை சோதனை மெஷினில்கூட வைக்கவில்லை. நேரே தட்டு. மறுபடி போன்.

நர்ஸ், "நான் அவரை நாலு இடத்துல குத்தியாச்சு. உங்களுக்குக் கீழ உக்காந்து பேசறது சுலபம். நீங்களே வந்து எடுங்க, பாக்கலாம்" என்றாள்.

"வரேன்" என்றாள் இவள். "வந்து காட்டறேன்."

நல்ல ஊசியாக ஒன்று, குழாய்கள், பஞ்சு, பட்டை எல்லாவற்றையும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டாள். லிஃப்டில் காவலாளி ஏற விடவில்லை. படியேறினாள். முதல் மாடியில் நர்ஸுக்குச் சொல்ல வேண்டியதைத் தயார் செய்தாள். இரண்டாவது மாடியில் அதை இன்னும் கூராக்கினாள். மூன்றாவது மாடிக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது ஓர் ஆளையே கிழித்துப்போடும் அளவுக்கு வார்த்தைகள் கைவசம் இருந்தன.

நர்ஸ் சின்னப் பெண். ஒரு கையில் மருந்துத் தட்டும் இன்னொரு கையில் சொட்டு மருந்துப் பாட்டிலும் வைத்திருந்தாள். பேச நேரமில்லாமல் முகவாயை ஜன்னலோரக் கட்டிலின் பக்கம் திருப்பிக் காட்டினாள். அங்கே முகம் ஊதிப்போன ஒருவர் படுத்திருந்தார். அவரை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. யூனிஃபார்ம் சட்டை இல்லை, கையில் பெட்டி இல்லை. அதனால் பிடிபடச் சற்று நேரமானது.

"அடேங்கப்பா" என்றார் அவர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஜட்ஜம்மாவே நேர்ல வந்துட்டாங்க."

அவள் தட்டைக் கட்டிலின் விளிம்பில் வைத்தாள். கட்டிலில் தொங்கிய அட்டையில் அந்த நீளமான பெயர் இருந்தது.

"இதுவா உங்க பேரு?"

"எங்கம்மா வச்சது. இங்க யாரும் கூப்பிட்டதில்ல. ராத்திரி கொண்டுவந்து போட்டாங்க, மூஞ்சி வீங்கினதுல இந்தப் பொண்ணுக்கே என்னை அடையாளம் தெரியல. ரெண்டு தடவை திருப்பிட்டீங்களாமே தங்கச்சி? நம்ம கேஸுக்கும் வாய்தாதானா?"

அவள் பட்டையைக் கட்டி, வீக்கத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. முழங்கையில் ஒன்றும் இல்லை. மணிக்கட்டின் வெளிப்பக்கம் கட்டைவிரலுக்கு மேலே ஒன்று தட்டுப்பட்டது. ஊசியைச் செலுத்திவிட்டுப் பட்டையைத் தளர்த்தினாள். ரத்தம் தானாக, அவசரமில்லாமல் குழாய்க்குள் இறங்கியது.

"கையை மடக்காதீங்க. காலைக் கொஞ்சம் தள்ளி வைங்கண்ணே."

"எங்க தள்றது? காலையில இருந்து கால் ரெண்டும் கல்லு மாதிரி கிடக்கு. நகரவே மாட்டேங்குது."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பொட்டாசியம் ஏறினால் முதலில் கால்கள்தான் பிடிப்பை விடும். அவள் கண்முன்னால் அந்த முதல் குழாய் நின்றது. துணியைக் கடைசியாக அலசிய தண்ணீர். அவ்வளவுதான் அதன் சிவப்பு. அந்தச் சிவப்புக்கு எண் கொஞ்சம் ஏறும், அரைப் புள்ளி ஏறலாம். ஐந்தை ஏழாக்க அதனால் முடியாது. ஏழாக வேண்டுமென்றால் நீர் ரத்தச் சிவப்பாக இருந்திருக்க வேண்டும். இது அவளே தன் கையைக் குத்திக் குத்திக் கற்ற கணக்கு. ஆனால் அவள் பார்த்தது சிவப்பை இல்லை. மூன்றாவது மாடி என்று எழுதியிருந்ததைத்தான் பார்த்திருந்தாள்.

"சிஸ்டர்!" என்று அவள் போட்ட சத்தத்தில் வார்டு முழுவதும் திரும்பியது. "டாக்டரைக் கூப்பிடுங்க. இப்பவே. பொட்டாசியம் ஏழுக்கு மேல."

"ரிப்போர்ட் வரலையே? நீங்கதான செல்லாதுன்னு சொன்னீங்க?"

"செல்லும். முதல் டியூப்பே செல்லும். கூப்பிடும்மா, நின்னுக்கிட்டிருக்காத!"

நர்ஸ் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். டாக்டர் வந்து இதயத்தின் துடிப்பை வரைந்து பார்த்தார். காகிதத்தில் கோடு கூர்கூராக மேலே ஏறி ஏறி இறங்கியது. ஒரு ஊசி போட்டார்கள், இன்னொன்று போட்டார்கள், கட்டிலோடு டயாலிசிஸ் அறைக்குத் தள்ளினார்கள். லிஃப்ட் வாசலில் பெட்டிக்காரருக்கு நினைவு போய்விட்டது. இதயம் நின்றது என்று பிறகு சொன்னார்கள். அங்கேயே தரையில் வைத்து நெஞ்சை அமுக்கி மீட்டிருக்கிறார்கள். வேலை பார்த்த காலமெல்லாம் அவரை ஏறவே விடாத லிஃப்டின் வாசல் அது.

அவள் அந்த நேரத்தில் கீழே லேபில் நின்றுகொண்டிருந்தாள். மூன்றாவது குழாய் சுழன்று முடிந்தது. மேலே நின்ற நீர் சுத்தமான வைக்கோல் நிறம். பொட்டாசியம் ஏழரையை ஒட்டி வந்தது. இந்த முறை நகராமல் காத்திருந்தாள். சிறுநீரகத்தின் எண் வந்தது. சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை என்பதை அது பச்சையாகச் சொன்னது. காலையிலேயே சொல்லியிருக்கும். அவள்தான் அதன் வாயைப் பொத்தியிருந்தாள்.

அன்று வீட்டில் பாத்திரங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. கணவர் தையல்காரர், முன்னறையில்தான் மெஷின். கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்தார்.

"என்ன, இன்னைக்கு நம்ம பாத்திரமெல்லாம் செல்லாதா?"

அவள் நடந்ததைச் சொன்னாள். நடுவில் ஒரு வார்த்தையைக்கூடத் தனக்குச் சாதகமாகத் திருப்பவில்லை. அவர் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"எனக்கும் ஒரு தடவை இப்படித்தான். ஒரு ஆள் வந்து வாசல்ல நின்னு கத்திட்டுப் போனான். அந்தக் கடுப்புல அடுத்தவனுக்கு அளவெடுத்தேன். சட்டை அவன் தொப்புளோட நின்னுடுச்சு."

"உங்க சட்டைக்குள்ள இருந்தவன் செத்தா போயிட்டான்?"

"இல்லதான்" என்றார் அவர். "உயிர் இருக்குல்ல?" என்று கேட்டார்.

"இருக்கு."

"அப்ப அந்தக் குண்டானை விட்டுடு. அது என்ன பண்ணுச்சு?"

மூன்றாம் நாள் நர்ஸ் லேப் ஜன்னலுக்கு வந்தாள். அவள் அதுவரை கீழே வந்ததே இல்லை. ஒரு காகிதத்தைத் தகரத் தட்டில் வைத்தாள். 'ரத்த மாதிரியைச் சரிவர எடுக்காத காரணத்தால் சிகிச்சையில் தாமதம்' என்று நர்ஸின் பெயருக்கு மேனேஜர் கொடுத்த மெமோ.

"எல்லாத்தையும் திருப்புவீங்களே. இதையும் திருப்புங்க, பாப்போம்" என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை, நெருப்புதான். "ரெண்டு டியூப் அனுப்பினேன். நம்பரையாவது சொல்லுங்கன்னு கெஞ்சினேன்."

"ஆமா, கெஞ்சின" என்று மட்டும் சொன்னாள் இவள். காகிதத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

மேனேஜருக்கு அவளைப் பார்த்ததில் சந்தோஷம். "உக்காருங்கம்மா. லேப் மேல தப்பில்லன்னு தெளிவாவே எழுதியிருக்கேன். நீங்க கவலைப்படாதீங்க."

"தப்பு லேப் மேலதான் சார். என் மேல. அந்தப் பொண்ணு எடுத்த டியூப் லேசாத்தான் உடைஞ்சிருந்தது. நம்பர் நிஜம். நான் அன்னைக்குக் காலையில உங்க ரூம்ல இருந்து கோபமா போனேன். டியூப்பைப் பாக்கல. அவ கேட்டும் நம்பரைச் சொல்லல."

மேனேஜரின் முகம் மாறியது. "அப்ப இது உங்க பேருக்கு மாறணும்."

"மாத்துங்க. மாத்திட்டு, அந்தாளை முட்டி தேயத் தேய படியேற வச்சதுக்கு யார் பேர்ல மெமோன்னு சொல்லுங்க. வார்டுக்கு ஒரு பொண்ணை விட்டதுக்கு யார் பேர்ல? ரத்தம் எடுக்கறவங்களை அனுப்பினதுக்கு யார் பேர்ல? என் பங்கு ஒண்ணுதான் சார். நான் வாங்கிக்கறேன். மத்ததையும் எழுதுங்க. ஒண்ணா வாங்கிட்டுப் போறேன்."

"அதெல்லாம் வேற விஷயம்மா."

"ஒரே ஆளோட நெஞ்சு சார் நின்னது. அது எப்படி வேற வேற விஷயமாகும்?"

அவர் கோப்பு ஒன்றைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டார். நர்ஸின் மெமோ ரத்தானது, அவளுக்கு ஒன்று வந்தது. மற்றவை எதுவும் எழுதப்படவில்லை. எழுதப்படும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

லேபுக்குத் திரும்பும் வழியில், முன்பு ரத்தம் எடுத்த அந்த அறைக்குள் போனாள். நாற்காலியின் மேலிருந்த அட்டைப் பெட்டிகளைக் கொத்தாகத் தூக்கிக்கொண்டு மறுபடி மாடியேறி, மேனேஜர் அறைக்கு வெளியே விருந்தினர்கள் உட்காரும் சோபாவில் கொட்டினாள். போய் இன்னொரு கொத்து கொண்டுவந்தாள். யாரும் தடுக்கவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது.

அதன்பிறகு அவள் வேலை செய்யும் முறை மாறியது. உடைந்த ரத்தத்தை இப்போதும் திருப்புகிறாள், விடுவதில்லை. ஆனால் திருப்புவதற்கு முன்னால் எல்லா எண்களும் வரும்வரை நிற்கிறாள். பிறகு போன் செய்து, "நம்பர் இது. நம்பாதீங்க, ஆனா போய் ஆளைப் பாருங்க" என்கிறாள். நரம்பு கிடைக்காதவர்களைக் கீழே அனுப்பச் சொல்லி, அந்த நாற்காலியில் உட்காரவைத்துத் தானே எடுக்கிறாள். வர முடியாதவர்களுக்குப் படியேறிப் போகிறாள். இதற்கென்று நேரம் யாரும் கொடுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில்தான் செய்தாக வேண்டியிருக்கிறது. சில மாதங்களில் திருப்பி அனுப்பும் குழாய்கள் குறைந்தன. மேனேஜரின் காகிதத்தில் லேபின் கட்டம் பச்சையானது. நல்ல முன்னேற்றம் என்று அவர் கூட்டத்தில் பாராட்டினார். அனுப்பிவிட்ட இரண்டு பேரின் வேலையை அவள் சும்மா செய்கிறாள் என்று அந்தப் பச்சைக்கு அர்த்தம். அன்று அவளுக்கு வந்த கோபத்துக்கு முன்னால் பழைய கோபமெல்லாம் விளையாட்டு.

பெட்டிக்காரர் இப்போது வாரத்தில் சில நாட்கள் டயாலிசிஸுக்கு வருகிறார். வேலை போய்விட்டது. நோயாளி என்பதால் லிஃப்டில் ஏறலாம். டயாலிசிஸ் அறைக்குப் போகும் முன், சோதனைக்கு ரத்தம் கொடுக்க அந்த நாற்காலிக்கு வந்துவிடுவார்.

"வாய்தா போதும் தங்கச்சி. இன்னைக்காவது தீர்ப்பைச் சொல்லுங்க."

"வாழைப்பழம் தின்னீங்களா?"

"பாதி."

"பொய் சொன்னா மெஷின் சொல்லிடும்ணே. பொட்டாசியம் அதுலதான் கிடக்குன்னு தொண்டை கிழியச் சொல்றேன். கையை நீட்டுங்க. மடக்காதீங்க."

ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தபோது ஒருநாள் அவர் கேட்டார். கேட்பதற்காகவே கொஞ்ச நாளாகக் காத்திருந்தவர் மாதிரி இருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா? அந்த மொத டியூப்புல என் பேருக்குப் பதிலா பெட்டிக்காரன்னு போட்டிருந்தா, திருப்பியிருப்பீங்களா?"

அவள் ஊசியை உருவி, பஞ்சை வைத்து, அவருடைய இன்னொரு கையை எடுத்து அதன்மேல் அழுத்திவைத்தாள். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"மாட்டேன்" என்றாள்.

"ம்."

"ஓடி வந்திருப்பேன்."

"அப்ப அந்தப் பேர்ல வேற எவனாவது படுத்திருந்தா?"

"அதை நினைச்சாத்தான்ணே எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது" என்றாள். "பேசாம அழுத்திப் பிடிங்க. விட்டீங்கன்னா ரத்தம் கட்டிக்கும். அப்புறம் அடுத்த தடவை எங்க குத்தறது?"

அவர் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஜன்னலில் தோட்டக்காரர் நீலப் பெட்டியை இறக்கினார். மேலே இருந்தது மூன்றாவது மாடியின் குழாய். அவள் முதலில் ஸ்டிக்கரில் இருந்த பெயரைப் படித்தாள். தெரியாத பெயர். இன்னொரு தடவை நிதானமாகப் படித்தாள்.